என்கிற

ஒரு கிரயப் பத்திரத்தில், நிலத்தின் நான்கெல்லையை எழுதும்போதும் விலைத்தொகையை எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கும்போதும் கொள்ள வேண்டிய எச்சரிக்கையைக் காட்டிலும், எழுதிக் கொடுப்பவரின் பெயரும் எழுதி வாங்குபவரின் பெயரும் இடம்பெறும் முதற் பக்கத்துச் சில வரிகளில் பத்திர எழுத்தர் கொள்ள வேண்டிய எச்சரிக்கை பெரிது என்பதை, நாற்பத்தைந்து ஆண்டுகள் அத்தொழிலையே ஜீவனமாகக் கொண்டிருந்த பின்பு நான் ஐயமறச் சொல்ல முடியும். எல்லையில் பிழை நேர்ந்தால் பூமி அங்கேயே கிடக்கிறது. சங்கிலி பிடித்து மறுபடியும் அளந்து கொள்ளலாம். பெயரில் பிழை நேர்ந்து, பெயருக்குரியவரும் காலமாகிவிட்டால், அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கே சாட்சி தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதாகிறது.

1974-ஆம் ஆண்டில், பல்லடம் வட்டாரத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்ப மரத்தடியில் சாய்மேசை போட்டு உட்கார்ந்திருந்த முதிய எழுத்தர் ஒருவரிடம் நான் தொழில் பழகச் சேர்ந்தேன். வேட்டி முந்தியில் பணத்தை முடிந்துகொண்டு வந்து நிற்கும் குடியானவரிடம் அவர் முதலில் தாய்ப் பத்திரத்தைக் கேட்க மாட்டார். சர்வே எண்ணைக் கேட்க மாட்டார். "வீட்டுல உங்களை எப்படிங்க கூப்பிடுவாங்க? பள்ளிக்கூடத்துல என்ன பேருங்க குடுத்தாங்க? ஊருக்குள்ள எந்தப் பேரைச் சொன்னா உங்க தோட்டத்துக்கு வழி காட்டுவாங்க?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, மூன்றுக்கும் விடை வாங்கிய பிறகே பேனாவைத் திறப்பார். மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அப்போது அவர் இரு பெயர்களுக்கும் நடுவே இடும் ஒரு சிறு சொல், 'என்கிற' என்பது. "பத்திரத்துல மத்த வார்த்தை எல்லாம் சட்டத்துக்காக எழுதறதுங்க தம்பி, இந்த ஒரு வார்த்தை மனுசனுக்காக எழுதறது" என்று அவர் எனக்குச் சொன்னதன் பொருள், பல ஆண்டுகள் சென்ற பிறகே எனக்கு விளங்கிற்று.

நம் கொங்கு நாட்டில் ஒருவருக்கு இரண்டு பெயர் அமைவது தற்செயலன்று. தலைமகனுக்கு அப்பாருடைய பெயரை வைப்பது இங்கே தொன்றுதொட்டு வரும் சம்பிரதாயம். பாட்டனின் பெயரைத் தாங்குவதாலேயே அவன் பெயரன். பெயரன் என்பதே பேரன் என மருவிற்று. ஆனால், அந்தப் பெயரைக் குழந்தையைப் பெற்றவள் உச்சரிக்கலாகாது. அவளுக்கு அது மாமனாரின் பெயர். கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் நாவினால் சொல்வதை மரியாதைக் குறைவாகக் கருதிய அக்காலத்துப் பெண்மக்கள், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை அழைப்பதற்கே வேறொரு பெயரைத் தேடிக்கொள்ள வேண்டியவர்களானார்கள். சின்னக்கண்ணு, ராசு, துரை, தங்கம் என்று ஆண்பிள்ளைகளுக்கும், அம்மிணி, பாப்பாத்தி என்று பெண்பிள்ளைகளுக்கும் வாய்த்த கூப்பிடு பெயர்களிற் பல இவ்வாறு பிறந்தவை. பிறகு, தாய் அழைத்த பெயரே ஊரார் அழைக்கும் பெயராகி, அப்பாருடைய பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் ரேஷன் கார்டிலும் மட்டும் உறங்கிக் கிடக்கும். ஆகவே பட்டப்பெயர் என்று நாம் இலேசாகச் சொல்லிவிடும் ஒன்று, ஒரு மருமகள் தன் மாமனாரின் பெயருக்குக் காட்டிய மரியாதையின் மிச்சமாக இருக்கக் கூடும். அதை வெட்டிவிட்டுச் 'சரியான' பெயரை மட்டும் எழுதுவது தூய்மை என்று எண்ணுவது என் அபிப்பிராயத்தில் பெரும் பிழை.

இன்னும் சில பெயர்கள் துக்கத்தில் பிறந்தவை. முதலிரண்டு குழந்தைகளும் தங்காமற் போன வீட்டில், மூன்றாவதைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும் குப்பாத்தாள் என்றும் அழைப்பார்கள்; அல்லது பிறர் கையில் கொடுத்துத் தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள்; பிச்சை என்று பெயரிடுவதும், மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்பதும் உண்டு. எமன் விரும்பாத பெயரை இட்டால் எமன் எடுக்க மாட்டான் என்ற நம்பிக்கை. அந்தப் பெயர்களைக் கேட்டுப் பட்டணத்துப் பிள்ளைகள் நகைக்கும்போதெல்லாம், அவற்றுக்குப் பின்னால் நின்ற தாய்மாரின் முகம் என் மனத்தில் தோன்றும்.

என்னுடைய பெரும் பிழை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். குருவிடமிருந்து பிரிந்து தனியே மேசை போட்ட புதிது. ஒரு மூதாட்டி இரண்டு ஏக்கர் புன்செய் நிலம் வாங்க வந்திருந்தார். பெயர் கேட்டதற்கு, "மாராத்தாளுங்க" என்றார். மாரி என்னும் தெய்வப் பெயரோடு ஆத்தாள் சேர்ந்து மாராத்தாள். பாவாத்தாள், கருப்பாத்தாள், வள்ளியாத்தாள், அங்காத்தாள் என்று இங்கே பழைய தலைமுறைப் பெண்களிற் பாதிப் பேருக்கு இந்த ஆத்தாளே ஈற்றில் நிற்கும். பதினோரு வகுப்பு கடந்து வந்த செருக்கினால், பத்திரத்துக்கு இது கௌரவமாக இராதென்று எண்ணி, 'மாரியம்மாள்' என்று எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேனா என்பதுகூட இன்று நினைவில்லை. காட்டியிருந்தால் அவர் மறுத்திருப்பார். அவர் கைநாட்டு வைத்தார், பத்திரம் பதிவாயிற்று.

இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய மகன்வழிப் பேரன், விசைத்தறி நான்கு போடுவதற்காக அந்த நிலத்தின்மீது கடன் கேட்டான். வங்கியின் வழக்கறிஞர், கிரயப் பத்திரத்தில் மாரியம்மாள் என்றும், இறப்புச் சான்றிலும் வாரிசுச் சான்றிலும் மாராத்தாள் என்றும் இருப்பதைக் கண்டு, இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும்படி எழுதிவிட்டார். பிழைத்திருத்தல் பத்திரம் எழுதலாம் என்றால், விற்றவர் காலமாகி, அவருடைய வாரிசுகள் ஐந்து பேரும் ஐந்து திசைகளில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், நிலத்தின் விலை ஏறியிருப்பதைக் கண்டு, கையெழுத்துக்குப் பணம் கேட்டார். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு விசாரணை, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு விசாரணை, ஊர்ப் பெரியவர்கள் இருவரின் சாட்சியம் என்று பதினான்கு மாதங்கள் சென்றன. அந்தப் பையன் என்னை ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. "நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க எழுதியிருப்பீங்க" என்றான். அன்று முதல் எந்தப் பெயரையும் நான் திருத்தியதில்லை.

இந்தப் பிழை ஏன் அவ்வளவு தூரம் பாய்கிறது என்பது, பதிவு அலுவலகத்தின் உள்ளமைப்பை அறிந்தவர்களுக்கே தெரியும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் ஏறுகின்றன. அவற்றுக்கு முதலாம் அட்டவணை எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களாலும், இரண்டாம் அட்டவணை சொத்தின் விவரத்தாலும் அமைகின்றன. வில்லங்கம் தேடுகிறவர் பெயரட்டவணையைப் புரட்டும்போது, மா என்ற எழுத்தின்கீழ் மாராத்தாள் வேறு, மாரியம்மாள் வேறு. அட்டவணைக்கு அந்த மூதாட்டியின் முகம் தெரியாது. அதே சட்டம், ஒருவரை அடையாளம் காட்ட அவருடைய இருப்பிடம், தொழில், தந்தையின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்தெழுதச் சொல்கிறது. வழக்கமாகத் தாயின் மகனென்றே அறியப்படுபவருக்குத் தாயின் பெயரை எழுதலாம் என்றும் அதில் ஓர் ஏற்பாடு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இவற்றோடு சாதியும் சேர்ந்திருந்தது. 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து நீங்கியதே தவிர, பெயரின் வாலாக ஒட்டிக்கொண்டு பத்திரத்துக்குள் அது வந்துகொண்டுதான் இருந்தது.

எழுத்துக்கூட்டு விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பெயர்கள் தரும் சங்கடங்கள் அநேகம். கோயிலார் பழநி என்று எழுதுகிறார்கள். குடியானவர் பழனிச்சாமி என்று எழுதுகிறார். அழிவில்லாதது என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்த அவிநாசி, அவினாசியப்பன் என்ற பெயரில் றன்னகரமாகிறது. சாமி, சுவாமி, ஸ்வாமி என்று ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் மூன்று விதமாக எழுதிக் கையொப்பமிட்டதைப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றில் கண்டிருக்கிறேன். கவுண்டர் என்பதும் கௌண்டர் என்பதும் ஒன்றே என்று நமக்குத் தெரியும். அகர வரிசையில் அவை அடுத்தடுத்த பக்கங்களில்கூட நில்லா. இதன்மேல் 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய சுழிகள் மறைந்தன. பெரியவர்களோ கையொப்பத்தில் பழைய சுழியை விடவில்லை. அண்ணாமலை என்ற ஒரு பெயரிலேயே இரண்டு எழுத்து மாறிவிட்டதால், தந்தையின் கையொப்பத்தை மகனால் படிக்க முடியாமல் என்னிடம் கொண்டுவந்த சந்தர்ப்பங்கள் உண்டு. அடுத்த ஆண்டு, 1979-இல், நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் பெரும் பணி தொடங்கி எண்பதுகளின் பிற்பகுதிவரை நடந்தது. யுடிஆர் என்று குடியானவர்களும் சொல்லப் பழகிக்கொண்ட அந்தப் பதிவில், ஏறிய பெயர்ப்பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்களை நான் தொழிலை விட்ட நாள்வரை எழுதிக்கொண்டிருந்தேன். பணியாளரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஒரே ஊரில் ஏழு பழனிச்சாமிகள் இருந்தால் எவர்தான் என்ன செய்வார்? அவர்களுள் ஒருவரை ஊத்துக்காட்டார் என்றும், ஒருவரைக் கரட்டுத் தோட்டத்தார் என்றும், ஒருவரை நெட்டையர் என்றும் ஊர் பிரித்து வைத்திருந்தது. அந்தப் பிரிவினை பதிவேட்டுக்குள் வரவில்லை.

பெயர்களைக் கொண்டே ஆளின் பூர்வீகத்தைச் சொல்லும் திறமை என் குருவுக்கு இருந்தது. வெள்ளியங்கிரி என்றால் பேரூர், தொண்டாமுத்தூர்ப் பக்கம். மருதாசலம் என்றால் மருதமலையைக் காலையில் எழுந்தவுடன் காணும் ஊர். சென்னியப்பன் என்றால் சென்னிமலை. மாசாணி என்றால் ஆனைமலை. தாய் எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டாள் என்பதே பெயராகிறது. பத்துக்கு எட்டு முறையாவது அவர் சொன்னது சரியாக இருக்கும்.

இவற்றிலும் ஆழமானவை கூட்டப் பெயர்கள். வெள்ளாளக் கவுண்டர்களிடம் கண்ணன், காடை, ஈஞ்சன், அந்துவன், செல்லன், தூரன், பயிரன், ஆந்தை, சாத்தந்தை, பொருளந்தை எனப் பல கூட்டங்கள் உண்டு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. திருமணத்தில் முதற் கேள்வியாக வரும் இப்பெயர், பத்திரத்தில் ஏறக்குறைய எங்குமே வருவதில்லை. அச்சில் அதை நிலைநிறுத்தியவர்களுள் ஒருவர், பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன். அந்தத் தூரன் அவருடைய கூட்டத்தின் பெயரே.

ஆந்தை என்ற கூட்டப் பெயரைக் கேட்டவுடன் அதைப் பறவையோடு சேர்த்துக் கதை சொல்வார்கள். காடை முதலிய கூட்டங்களுக்கும் அத்தகைய கதைகள் வழங்குவதால், நானும் வெகுகாலம் அவ்வாறே நம்பியிருந்தேன். தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டுப் பத்திரத்துக்காக வந்தவர், பேச்சு வாக்கில் என் எண்ணத்தைத் திருத்தினார். ஆதன் என்னும் இயற்பெயரோடு தந்தை என்னும் முறைப்பெயர் புணரும்போது ஆந்தை என்றும், பூதனோடு புணரும்போது பூந்தை என்றும் ஆகுமெனத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் தனியே விதி செய்திருப்பதையும், அதன் முந்திய விதிக்கு உரைகாரர் காட்டும் உதாரணமே சாத்தந்தை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பிசிராந்தையார் என்ற புலவர் பெயரிலுள்ள ஆந்தையும் அதுவே. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மேசைக்கு எதிரே, தோளில் துண்டோடு நின்று, "நாங்க சாத்தந்தை கூட்டமுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிப் போன மனிதர், இலக்கண ஆசிரியர் சூத்திரம் செய்து காக்க நினைத்த ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பின்பு கரூருக்கு அருகே புகழூரில், ஆறுநாட்டார் மலையின் பாறையிலே தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்ட சாசனத்தைக் காணப் போயிருந்தேன். யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் சமண முனிவருக்குக் கல்லிற் படுக்கை அமைத்துக் கொடுத்ததைச் சொல்லும் அச்சாசனம், கொடுத்தவனைக் குறிக்கும்போது ஆதன் என்னும் பெயரிய சேர அரசனையும் அவன் மகனையும் அந்த மகனின் மகனையும் முறையே சொல்கிறது. பெறுகிறவருக்கு ஊர்ப் பெயர். கொடுக்கிறவனுக்குத் தந்தை பெயரும் பாட்டன் பெயரும். நாங்கள் மரத்தடியில் எழுதியதும் இந்த முறைதானே என்று எண்ணியபோது, பாறையின்மீது கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டேன். நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளிலும் கண்ணன், ஆதன் முதலிய பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. இதனாலேயே இன்றைய கூட்டத்தார் அவர்களின் நேர் சந்ததியார் என்று சொல்லிவிட முடியாது. பெயர் நிலைப்பது வேறு, இரத்தம் நிலைப்பது வேறு. பெயர் நிலைத்திருக்கிறது என்பதே எனக்குப் போதுமான ஆச்சரியம்.

பட்டங்கள் இயற்பெயரை விழுங்கிவிடுவதும் இங்கே உண்டு. பவானியில் அணை கட்டிக் கால்வாய் வெட்டியவரின் இயற்பெயர் லிங்கையன் என்பார்கள். பட்டப் பெயரான காளிங்கராயனே வாய்க்காலுக்கும் பெயராயிற்று. மன்றாடியார், வானவராயர் என்பனவும் அவ்வகையின. நம் காலத்திலேயே நடந்த உதாரணம், கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி.நாயுடுவுடையது. ஜி என்பது தந்தையார் கோபால்சாமி. டி என்பதே அவருடைய சொந்தப் பெயராகிய துரைசாமி. து என்னும் தமிழெழுத்து ஆங்கிலத்தில் டி ஆகி, அந்த டி தமிழுக்குத் திரும்பி வந்து, அவரைப் பெற்றவர்கள் இட்ட பெயர் ஓர் அந்நிய எழுத்துக்குள் ஒளிந்துகொண்டது. ஈரோட்டில் பிறந்த பெரியாரோ, 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டை ஒட்டி, சாதிப் பெயரைத் துறந்து ஈ.வெ.ரா. என்று தமிழ் எழுத்துகளாலேயே நின்றார். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடுவின் பெயரைச் சூட்டியபோது, சாதிப் பெயர்களைத் தெருக்களிலிருந்து நீக்க ஆணையிட்ட அரசே இப்படிச் செய்யலாமா என்று விவாதம் எழுந்தது. சாதிப் பட்டத்தைப் பெயரில் எழுதாதிருப்பதே நலம் என்பது என் திடமான கருத்து. ஆயினும் ஊர் அறிந்த ஒருவரின் பெயரிலிருந்து அதை நீக்கினால் எஞ்சுவது இரண்டு எழுத்துகளே என்னும் நிலை எவ்வாறு வந்தது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். துரைசாமி என்று முதலிலேயே எழுதி வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

கடல் கடந்த பெயர்களின் கதி இன்னும் உருக்கமானது. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது முதல், ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்கா சென்ற நம்மவர் பெயர்களை, தமிழ் அறியாத குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். நாயுடு நைடூ ஆயிற்று; முதலி மூட்லி ஆயிற்று; கவுண்டன் கவுண்டென் ஆயிற்று; அங்கே பெருவழக்கான கோவெண்டர் என்பதையும் கவுண்டர் என்பதன் திரிபாகவே சொல்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டிலிருந்து ஒருவர், தம் பாட்டனாரின் தந்தை கப்பலேறிய பதிவின் நகலோடு என்னைத் தேடி வந்தார். ஜில்லா கோயமுத்தூர் என்பது தெளிவாக இருந்தது. ஊர்ப் பெயரை நான்கு விதமாகப் படிக்கலாம். ஆள் பெயரை முத்தன் என்றும் மூத்தான் என்றும் முட்டன் என்றும் படிக்கலாம். இரண்டு நாட்கள் அவரோடு சுற்றினேன், ஊர் அகப்படவில்லை. விடைபெறும்போது, மூன்று பெயர்களையும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். முத்திரைத்தாளில் எழுதும் சிரத்தையோடு எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். கோயம்புத்தூருக்கே ஆங்கிலத்தில் உச்சரிப்புக்கேற்ற புது எழுத்துக்கூட்டு வகுத்து 2020-இல் ஓர் அரசாணை வெளிவந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டபோது, எனக்கு நினைவில் வந்தவர் அவர்தான்.

இப்போது பத்திரங்கள் கணினியில் உருவாகின்றன. ஆதார் அட்டையில் இருப்பதே பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்னும் கட்டம் ஒன்று இருப்பதால், தகப்பனார் பெயரை அதிலிட்ட பிள்ளைகளை அயல்நாட்டு அலுவலகங்களில் தகப்பனார் பெயராலேயே அழைக்கிறார்கள். ஒழுங்கு வேண்டியதுதான், என் கையால் நேர்ந்தது போன்ற பிழைகள் அதனால் குறைந்திருக்கின்றன.

நான் மேசையை மடிப்பதற்கு முன் எழுதிய கடைசிப் பத்திரங்களுள் ஒன்று, எண்பது வயது கடந்த ஒரு கைம்பெண், தம் மூத்த மகனுக்கு எழுதி வைத்த செட்டில்மெண்டு. கணவர் பெயரைக் கேட்டேன். "சாமியோட மலைப் பேருங்க, சென்னிமலை" என்றார். கணவர் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. மகனுக்கும் அவருடைய அப்பாரின் பெயர். அது அந்த அம்மாளின் மாமனார் பெயர். அதையும் அவர் சொல்லவில்லை. மகனின் ஆதார் அட்டையைப் பார்த்து, அதிலுள்ளபடி பழனியப்பன் என்று எழுதி, அவரைக் கேளாமலே 'என்கிற' என்று தொடங்கி, நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தேன். "ராசு" என்றார். எழுதி முடித்து, குரு கற்றுக் கொடுத்தபடி முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். 'பழனியப்பன் என்கிற ராசு' என்ற இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பக்கத்தில் நின்ற அறுபது வயது மகனைக் காட்டி, "ஆமாங்க, அவந்தானுங்க" என்று சொல்லிவிட்டு, இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியின் பக்கம் நீட்டினார்.